ஆயுத பூஜைக்கு வைத்த மோட்டார்

என் வீட்டுக்காரருக்கு வேலை போன வருஷம் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட விஷயம் வேலை அல்ல, மோட்டார். கிணற்று மோட்டார், போர் மோட்டார் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இது உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார். மீன் தொட்டிக்குள் முழுகிக் கிடந்து, ராப்பகலாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது. கடைக்காரர்கள் அதை பவர்ஹெட் என்பார்கள். நான் சனியன் என்பேன்.

தொட்டியும் சாதாரண மீன் தொட்டி இல்லை. அவர் நல்ல சம்பளத்தில் இருந்தபோது, கம்பெனி கொடுத்த போனஸில், பெங்களூர் அடுகோடியில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் கொண்டுவந்து வைத்த இரண்டரை அடிக் கடல். உப்புத் தண்ணீர், கடல் பாறை, அந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டு விரிந்து விரிந்து சுருங்கும் பவள உயிர்கள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு. பெங்களூரில் குழாயில் காவிரியே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, இந்த மனுஷனுக்குக் கடல் கேட்கிறது! கல்யாணமான புதிது என்பதால் அப்போது நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கடலில் அலை ஓய்வதில்லை. அதனால் தொட்டியிலும் தண்ணீர் ஓயக்கூடாது. ஓய்ந்தால் பவளம் சுருங்கிவிடும், மீன் மூச்சுக்குத் தவிக்கும், சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

பிறகு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன என்று பேப்பரில் போட்டார்கள். இவருடைய கம்பெனியும் படுத்தது. நான் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் சம்பளத்தில் வாடகையும் அரிசி பருப்பும் ஓடின. இவர் முதல் மாதம் நாலைந்து இடங்களுக்கு அப்ளிகேஷன் போட்டார். இரண்டாம் மாதம் ஒன்று போட்டார். மூன்றாம் மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எதற்கும் எழுந்திருக்க மாட்டார், தொட்டிக்கு மட்டும் எழுந்திருப்பார். காலையில் விளக்கைப் போட வேண்டும், உப்பு பார்க்க வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும். அந்தத் தொட்டி இருந்ததால்தான் அவர் பல்லையே தேய்த்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். ஆனால் அது செத்துப்போனால் இவர் படுக்கையை விட்டு எழவே மாட்டார் என்ற பயமும் இருந்தது. அதனால் திட்டிக்கொண்டே அதற்குச் செலவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய மோட்டார் மண்டையைப் போட்டது. வெளிநாட்டுச் சரக்கு. அதே மாதிரி இன்னொன்று வாங்க வேண்டுமென்றால் என் சம்பளத்தில் பாதியை எடுத்து வைக்க வேண்டும். "மலிவா ஒண்ணு பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்றார். அவர் கவலைப்படாதே என்று சொன்னதும்தான் எனக்குக் கவலை ஆரம்பித்தது.

முதலில் மின்சாரச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலிருந்து ஏர் கூலருக்குப் போடும் மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். சல்லிசான விலை. "இதுவும் தண்ணியத்தான் தள்ளுது, அதுவும் தண்ணியத்தான் தள்ளுது" என்று பெருமையாகச் சொன்னார். நல்ல தண்ணீருக்குச் செய்ததை உப்புத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று ஆறாம் கிளாஸ் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும். ஒரே வாரத்தில் அதன் திருகாணி துருப்பிடித்துப் பழுப்பாய் ஒழுகியது. நான் தொட்டியைத் துடைக்கக் கை வைத்தபோது சுர்ரென்று இழுத்தது. அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் நான் என்னத்தைச் சொல்ல? என் புருஷன் ஹாலில் வைத்திருக்கும் கடல் என்னை அடித்துவிட்டது என்றா?

அடுத்தது ஒரு சீன மோட்டார். அட்டைப் பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இவர் நம்பவில்லை. நம்பாததுகூடப் பரவாயில்லை, அதைச் சோதித்துப் பார்க்க நான் அரிசி களையும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொரு பக்கெட்டுக்குத் தண்ணீரைத் தள்ளவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முழங்கால் ஈரத்தோடு குந்தியிருந்தார். பெட்டியில் போட்டதில் பாதிகூட வரவில்லை. "பாத்தியா, பொய் சொல்றான்!" என்று என்னிடம் வந்து நின்றார். எஞ்சினியரிங் படித்த மனுஷன். நான் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த மோட்டாரும் பத்து நாள் ஓடியது. பிறகு கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் ம்ம்ம் என்று முனகிக்கொண்டு நின்றுபோனது. தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். இவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் சிவாஜிநகருக்கு இழுத்துக்கொண்டு போனார். மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் மீன் கடை. கடைக்கார பாய்க்கு இவரைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது. இவர் அங்கே எத்தனை தடவை போயிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"வாட் கம்மியா இருக்கணும் பாய். தண்ணியில சூடு ஏறக்கூடாது. சத்தம் வரக்கூடாது. உள்ள சுத்துற காத்தாடிக்கு இரும்புத் தண்டு இருக்கக்கூடாது, பீங்கான்தான் இருக்கணும். கரண்ட் போயிட்டு வந்தா தானா ஓடணும். தண்ணி ஒரே பக்கமா அடிக்காம பரவலா வரணும். விலை கம்மியா இருக்கணும்."

பாய் என்னைப் பார்த்தார். "மேடம், சாப் டெய்லி வர்றாரு, டெய்லி கேக்குறாரு, வாங்க மட்டும் நை. என்னா பண்றது சொல்லுங்கோ."

எனக்கு மானம் போனது. "ஏங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்கம்மா இத்தன கேக்கலியே!" என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து, மோட்டாரைக் கழற்றி, காத்தாடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இண்டர்வியூவுக்குப் போடும் சட்டையில் பட்டன் இல்லையே, அதை ஒரு தடவை பார்த்தாரா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, ஆட்டோவுக்கும் அலைச்சலுக்கும் கொடுத்ததைச் சேர்த்து வைத்திருந்தால் அந்த வெளிநாட்டு மோட்டாரையே வாங்கியிருக்கலாம். இதை ஆட்டோவிலேயே வாய்விட்டுச் சொன்னேன்.

இப்படி இருக்கும்போது நவராத்திரிக்கு என் மாமியார் வருவதாக போன் வந்தது. வாணியம்பாடியில் இருந்தார். மாமனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தை ஷூ கம்பெனியில் தோல் தைத்து இந்த ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தவர். "எம்புள்ள பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல கீறான்" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லும் ரகம். வேலை போனது அவருக்குத் தெரியாது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டாங்க" என்றார் இவர். நானும் சரி என்று தலையாட்டினேன்.

அத்தை வந்த மறுநாளிலிருந்து வீட்டில் நாடகம் ஆரம்பித்தது. காலையில் இவர் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, நான் கட்டிக் கொடுத்த சோற்று டப்பாவோடு பையை மாட்டிக்கொண்டு, "ஆபீசுக்குப் போயிட்டு வரேம்மா" என்று கிளம்புவார். அத்தை தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த மனுஷன் நேரே மோட்டார் கடைக்குப் போவார். எஸ்.பி. ரோடு, சிவாஜிநகர், மறுபடியும் எஸ்.பி. ரோடு. சாயங்காலம் வியர்த்து வழிந்து வருவார். "பாவம், புள்ளைய எப்டி வேல வாங்கறானுங்க பாரு" என்று அத்தை காபியை ஆற்றிக் கொடுப்பார். நான் அடுப்படியில் நின்று பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒருவழியாக மோட்டார் வந்தது. அதே சிவாஜிநகர் பாயிடம்தான். தைவான் சரக்கு, பெட்டி இல்லாததால் விலையைக் குறைத்துக் கொடுத்தாராம். பீங்கான் தண்டு, சத்தமே இல்லை. தொட்டியில் போட்டதும் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றியது. கூம்பிக் கிடந்த பவளம் மெல்ல வாய் திறந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக இவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஆபீஸ்ல மோட்டாரு கூட குடுக்கறாங்களா?" என்றார். "ஆமாம்மா" என்றார் இவர். கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுகோடியில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. தெருவுக்கு நாலு லேத் பட்டறை, வெல்டிங் கடை. எல்லா வாசலிலும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய். பொரியும் பொட்டுக்கடலையும் வீடு வீடாக வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு ஒரு இயந்திரமும் ஓடாது. அத்தைக்கு அது பிராணன். "வருசம் பூரா நமக்கு ஒழச்சுப் போடுது. ஒரு நாளு அதுக்கு லீவு குடுக்கலன்னா அது எப்டி நமக்கு சோறு போடும்?" என்பார். கம்பெனியில் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை.

சாமி படத்துக்கு முன்னால் அத்தை எல்லாவற்றையும் பரப்பினார். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, கத்தரிக்கோல். என்னைக் கூப்பிட்டார். நான் என் சிவப்பு மைப் பேனாவையும் சாக்பீஸ் டப்பாவையும் வைத்தேன். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"உன்னுது எங்கடா?"

"ஆபீஸ்லயே பூஜை போட்டுடுவாங்கம்மா. கம்ப்யூட்டர் எல்லாம் அங்கதான கீது."

"அது கம்பெனியோடது. நீ ஒங்கையால தொட்டு வேல செய்யற சாமான் ஒண்ணாவது வைடா. ஆம்பள, உன் ஆயுதம் இல்லாம நான் எப்டி கற்பூரம் ஏத்துவேன்?"

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். பேனா எடுப்பார், பழைய டைரி எடுப்பார் என்று பார்த்தேன். இவர் தொட்டிக்குப் போனார். பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த மோட்டாரை வெளியே எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, மிக்சிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்தார். அத்தை சந்தனம் தொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். எனக்குக் கற்பூர வெளிச்சத்தில் கண் கலங்கியது. சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பூஜை முடிந்ததும் எடுத்து உள்ளே போட்டுவிடுவார் என்று இருந்தேன். அத்தை, "நாளைக்குக் காலையில மறுபூஜை ஆனப்புறம்தான் எதையும் தொடணும்" என்றார். இவர் சரி என்று தலையாட்டினார். சரி என்று! தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு வருஷக்கணக்காகப் பாடம் எடுத்த மனுஷன்!

சாப்பாடு ஆனது. பிற்பகலில் பார்த்தால் இரண்டு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பவளம் எல்லாம் சுருங்கி, மேலே சளி மாதிரி படர்ந்திருந்தது. நான் அவரை அடுப்படிக்கு இழுத்தேன்.

"போயி அத எடுத்துப் போடுங்க."

"அம்மா மனசு கஷ்டப்படும்."

"அதுங்க சாகுதுங்க, கண்ணு தெரியலையா?"

"பூஜையில வெச்சத எடுத்தா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. ஒண்ணொண்ணா கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்? விடு."

விடு என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போய் நின்றார். ஒரு சொம்பை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, தொட்டியிலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார், மறுபடி ஊற்றினார். காற்று கலக்கட்டும் என்று. அலைக்குப் பதிலாக இவர். ஊற்றிக்கொண்டே நின்றார், நின்றார், சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். தூங்கி எழுந்து வந்த அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடா பண்ற, மொண்டு மொண்டு அதுலயே ஊத்திக்கினு? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"அத்தை, உங்க புள்ளைக்கு வேல போயி நாலு மாசமாவுது. ஆபீசும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஷூவ மாட்டிக்கினு தெனமும் மோட்டார் கடையச் சுத்திட்டு வராரு. பூஜைக்கு வைக்கறதுக்கு அவர் கையில இருந்தது அந்த ஒண்ணுதான். அதையும் எடுத்து வெச்சிட்டாரு. இந்தத் தொட்டியும் செத்துதுன்னா இவரை நான் எப்டி எழுப்புவேன்? சொல்லுங்க, எப்டி எழுப்புவேன்?"

அவர் கையில் சொம்பு அப்படியே இருந்தது. அத்தை அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சாமி படத்துக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, கோச்சுக்காத" என்று சொல்லி, மோட்டாரைத் தானே எடுத்தார். அதிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் குழாயடியில் நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். கொண்டுவந்து பிள்ளையின் கையில் வைத்தார்.

"உள்ள போடு. லீவு குடுக்கறது நாளைக்கு ஓடணும்னுதான், உசுரு போறதுக்கு இல்ல."

அவர் போட்டார். இன்னொரு கையில் இன்னும் சொம்பு இருந்ததால் பிளக்கை நான்தான் சொருக வேண்டியிருந்தது. தண்ணீர் சுற்ற ஆரம்பித்தது. மீன் இரண்டும் அந்த வேகத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன.

அத்தை தரையில் உட்கார்ந்தார். "நீ எட்டாவது படிக்கறப்ப எங்க கம்பெனிய மூடிட்டானுங்க. தெரியுமா ஒனக்கு?" என்றார்.

"இல்லியேம்மா. நீ தெனம் வேலைக்குப் போனியே."

"போனேன். சோத்து டப்பாவ எடுத்துக்கினு தெனம் கெளம்பினேன். ஸ்டேசன்ல பெஞ்சிமேல உக்காந்துட்டு, சங்கு ஊதற நேரத்துக்கு வூட்டுக்கு வந்தேன். வேற கம்பெனி கெடைக்கற வரைக்கும் அப்டிதான். நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அத்தை ஓடுகிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "நீயாவது ஒரு மோட்டார வாங்கியாந்த. நான் காலி டப்பாவத்தான் கொண்டாந்தேன்" என்றார்.

வேலை போன அன்றுகூட அழாத மனுஷன் அப்போது அழுதார். உப்புத் தண்ணீர்க் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளான்னைக்கு அவனுக்கு சோறு கட்டாதம்மா. வூட்டுலயே துன்னட்டும்" என்றார்.